மாலை சூட்டினோம், வாசிக்க மறந்தோம்

வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. முன்னறையின் மூலையில் திரு இருதய ஆண்டவர் படம். அதன் கீழே சிறு மேடை. மேடைமீது மெழுகுவர்த்தி, செபமாலை, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்ப் புட்டி. நடுவில் சரிகைத் துணியில் பொதிந்து வைத்த திருவிவிலியம். சில வீடுகளில் அதற்குப் பூமாலையும் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் திருமண நாளன்று வாழ்த்தி எழுதிய வரி முதற்பக்கத்தில் இருக்கும். அடுத்த பக்கங்களோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அச்சகத்து மணம் மாறாமல் இருக்கும். பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தில் அந்நூல் திறக்கப்படவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதற்குப் பெயர் பக்தி அன்று. அப்படிச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரலாம்; ஆயினும் சொல்லத்தான் வேண்டும். பிரிக்காத கடிதத்துக்கு மாலை போடுவது, எழுதியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் இறைவார்த்தையை வணங்குகிறோம், முத்தமிடுகிறோம், பவனியில் தூக்கிச் செல்கிறோம்; வாசிப்பதில்லை. பரங்கிமலையின் படிகளை ஏறி, புனித லூக்கா தீட்டியதாக மரபு கூறும் அன்னையின் படத்தைத் தரிசிக்கிறோம். அதே லூக்கா எழுதிய 24 அதிகாரங்களை முழுமையாக வாசித்தவர் நம்முள் எத்தனை பேர்? தீட்டியதாகச் சொல்லப்படும் படத்துக்கு மலையேறும் நாம், அவர் எழுதிய நூலுக்காக நாற்காலியை விட்டு எழுவதில்லை.

வாசியாமையால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். என்ன குறைந்தது என்பதை நாம் ஒரு துயர நாளில் கற்றுக்கொண்டோம்.

கடல் கேட்ட கேள்வி

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிறு, திருக்குடும்ப விழா. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாமும் குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் இருந்தோம். அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்தி, ஏரோதுக்குத் தப்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பெற்றோரைப் பற்றியது. காலை ஒன்பது மணியளவில் கடல் எழுந்து வந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரத்தைத் தாண்டிச் சதுரங்கப்பட்டினம் வரை, கரையோரக் குப்பங்களில் மக்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாராலும் தப்ப முடியவில்லை.

சில நாள் கழித்து, நிவாரணக் கொட்டகை ஒன்றில் ஒரு தாயைச் சந்தித்தோம். அவருடைய மகனைக் கடல் கொண்டு போயிருந்தது. அவர் அழவில்லை. நம்மைக் கண்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்: "நான் என்ன பாவம் செஞ்சேன், சாமி?" முந்தின நாள் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் அங்கு வந்து, கையில் விவிலியத்தை விரித்து, கடல் பொங்கியது கடவுளின் தண்டனையே என்று வசனங்களை அடுக்கிக் காட்டிச் சென்றிருந்தார். அவர் காட்டியவை விவிலியத்தில் உள்ள வசனங்கள்தாம். அவற்றுக்கு மறுமொழியும் அதே விவிலியத்தில் இருக்கிறது என்பதை அந்தத் தாய் அறியார். யார் அவருக்கு அறிவித்தார்கள்? நாமோ, "எல்லாம் இறைவன் சித்தம் அம்மா" என்று சொல்லி, தலைமீது கைவைத்துச் செபித்துவிட்டு, அடுத்த கொட்டகைக்குச் சென்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. யோபு நூலைத் திறந்தோம். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற நூல்தான் அது. ஆனால் அன்றிரவுதான் அதை வாசித்தோம். தம் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த மனிதரிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் வாய் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே நற்செயல். பின்னர்ப் பேசத் தொடங்கினார்கள். நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். நூலின் முடிவில் கடவுளின் சினம் மூண்டெழுவது, கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுமீது அன்று. கடவுளுக்காக வழக்காடுவதாக நினைத்துக்கொண்ட அந்த நண்பர்கள்மீது. வாசித்து முடித்தபோது நாம் யார் என்பது விளங்கியது. வந்துபோன பிரசங்கியார் எலிப்பாசு என்றால், நாம் பில்தாது. அவரைவிட மென்மையாகப் பேசினோம், அவ்வளவுதான் வேறுபாடு.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவர் செய்ததுமன்று, பெற்றோர் செய்ததுமன்று என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் கூறியதை லூக்கா 13ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றை நாள்தோறும் வாசித்து நெஞ்சில் தேக்கிய ஒரு தாயிடம் அந்தப் பிரசங்கியார் வாய் திறந்திருக்க முடியுமா? விவிலியத்தை வாசியாதவர், கையில் ஒரு வசனத்தோடு வரும் எவருக்கும் அடிமை. நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. துன்பம் வந்த பிறகு விவிலியத்தைத் தேடித் திறக்கும் நேரம் கிடைப்பதில்லை. வலையில் விழுந்த கிழிசலைக் கரையில் உட்கார்ந்து சரிபார்க்காதவர், நடுக்கடலில் மீன் விழும்போது என்ன செய்வார்?

ஞாயிறு போதாதா?

'ஞாயிறுதோறும் பூசையில் கேட்கிறோமே, அது போதாதா?' என்பது பலரின் கேள்வி. போதாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி 1969இல் வெளியான வாசக ஒழுங்கு, மூன்றாண்டுச் சுழற்சியில் விவிலியச் செல்வத்தை நமக்குத் தாராளமாகத் திறந்துவிட்டது உண்மை. ஆயினும் அந்தச் சுழற்சியில் யோபு நூல் ஞாயிறுகளில் வருவது இரண்டே முறை. இரண்டாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 5ஆம் ஞாயிறும் 12ஆம் ஞாயிறும். 2024இல் அவை பிப்ரவரி 4, ஜூன் 23 ஆகிய நாள்களில் அமைந்தன. 42 அதிகாரங்கள் கொண்ட நூலிலிருந்து இரு ஞாயிறும் சேர்ந்து நமக்குத் தருவது 11 வசனங்கள். நண்பர்களின் வாதமும் வருவதில்லை. அவர்கள்மீது கடவுள் கூறிய தீர்ப்பும் வருவதில்லை. அந்த 11 வசனங்களும் முதல் வாசகங்கள். அவை வாசிக்கப்படும்போது நம்மவரில் பலர் இன்னும் வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்!

இது திருவழிபாட்டின் குறை அன்று. திருப்பலி வாசகம் ஒரு பந்தி. பந்தியில் பரிமாறுவது, வீட்டில் அன்றாடம் அடுப்பு மூட்டுவதற்கு ஈடாகாது. வாரத்துக்கு ஒரு விருந்துண்டு ஆறு நாள் பட்டினி கிடப்பவரை யாரும் நல்ல உணவுப் பழக்கம் உடையவர் என்று சொல்வதில்லை.

வசனம் பொறுக்குவோர்

வேறு சிலர், 'நாங்கள் நாள்தோறும் வாசிக்கிறோம்' என்பார்கள். என்ன வாசிக்கிறார்கள்? விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் வசனப் படம் ஒன்று; பூவும் சூரியனும் பின்னணியில், நடுவே ஒரு வரி. அதைப் பார்த்த கணமே ஐம்பது பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பியவரும் வாசிக்கவில்லை, பெற்றவரும் வாசிக்கவில்லை. இன்னும் சிலர் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வரியை அன்றைய நாளுக்குரிய குறியாகக் கொள்கிறார்கள். கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

புத்தாண்டு வாழ்த்தாக நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் வசனங்களுள் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் முதலிடம் பெறத்தக்கது. கடவுள் நமக்காக வகுத்த திட்டங்கள் கேடு தருபவை அல்ல, நல்வாழ்வும் நம்பிக்கையும் தருபவை என்பது அதன் பொருள். வீடு கட்டவும், வேலை கிடைக்கவும், விசா வரவும் இவ்வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம். இதற்கு முந்தின வசனத்தை வாசித்தோமா? எழுபது ஆண்டுகள் கழித்தே விடுதலை வரும் என்கிறது அது. பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. கடிதத்தைப் பெற்ற பெரியவர்களுள் பெரும்பாலோர் விடுதலையைக் கண்ணால் காணப்போவதில்லை. அவர்களிடம்தான், அந்நிய மண்ணிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களை நாடு கடத்திய அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறார் இறைவாக்கினர். இன்னும் ஓர் அதிகாரம் பின்னால் சென்றால் அனனியா என்ற போலி இறைவாக்கினரைக் காண்போம். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று மக்கள் மகிழும்படி வாக்களித்தவர் அவர். சுவரில் மாட்டியிருப்பது எரேமியாவின் வசனம். நாம் அதில் படிப்பதோ அனனியாவின் வாக்குறுதி!

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பயன்படுத்துவதில் வல்லவன் யார் என்று நற்செய்தியே காட்டுகிறது. பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதிக்க வந்த அலகை திருப்பாடலை எடுத்துக் காட்டியே சோதித்தது. ஆண்டவர் மும்முறையும் இணைச்சட்ட நூலிலிருந்தே மறுமொழி தந்தார். பசியிலும் தனிமையிலும் அந்த மறுமொழி அவருக்குத் தடையின்றி வந்ததென்றால், நாசரேத்தில் கழிந்த முப்பது ஆண்டுகளில் அது அவருள் ஊறியிருந்தது என்பதே பொருள். சோதனை நேரத்தில் புரட்டித் தேடிய வசனம் அன்று அது.

சாக்குகள்

'அன்றாடம் விவிலியம் வாசிப்பது பிரிந்த சபையாரின் பழக்கம்' என்று சொல்லும் முதியோர் இன்றும் உளர். அவர்களைக் குறை கூறமாட்டோம். அந்த எண்ணத்தை அவர்களுக்குள் விதைத்தவர்கள் குருக்களாகிய நாமே. திரிதெந்து சங்கத்துக்குப் பின், 1564இல் வெளியான விதிகள், தாய்மொழியில் விவிலியம் வாசிக்க முன்அனுமதி பெற வேண்டும் என்றன. 1757இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது, அச்சம் தளரவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அவர் தோழர்களும் 1714, 1715 ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, நம் முன்னோர் அதை ஐயத்தோடு பார்த்தார்கள். நமக்கு வீரமாமுனிவரின் தேம்பாவணி இருந்தது. அம்மானையும் பாஸ்கு நாடகமும் இருந்தன. அவை பெரும் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை விவிலியத்துக்கு வாசல், வாசலிலேயே நின்றுவிட்டோம்.

1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, கிறித்தவ மக்கள் அனைவரும் அடிக்கடி மறைநூலை வாசிக்க வேண்டும் என்று தெளிவாக வலியுறுத்தியது. மறைநூலை அறியாதவர் கிறித்துவையே அறியாதவர் என்ற புனித எரோணிமுசின் கருத்தையும் அது நினைவூட்டியது. 1995இல் திண்டிவனம் விவிலிய நடுநிலையத்தின் முயற்சியால், கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு நம் கைக்கு வந்தது. நல்ல தமிழ், ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை. 2019இல் திருத்தந்தை பிரான்சிசு, பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். இனியும் இதைப் பிறர் பழக்கம் என்பவர், திருச்சபையின் பேச்சைக் கேட்கவில்லை என்றே பொருள்.

'நேரம் இல்லை' என்பது அடுத்த சாக்கு. இரவில் கடலுக்குச் செல்பவரிடமும், விடியுமுன் மீன்கூடையோடு சந்தைக்கு ஓடும் அவர் மனைவியிடமும், மறைமலைநகரில் மூன்று முறைப்பணி மாறிமாறிப் பார்க்கும் இளைஞரிடமும் நேரம் குறைவு என்பதை அறிவோம். ஆனால் செங்கல்பட்டில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்வோரின் கைகளைக் கவனித்திருக்கிறோம். எல்லாக் கைகளிலும் கைப்பேசி. எல்லா விரல்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நேரம் இருக்கிறது, அது வேறிடத்தில் செலவாகிறது.

'வாசித்தாலும் புரியவில்லை' என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. எத்தியோப்பிய அரச அலுவலரும் அதையேதான் பிலிப்பிடம் சொன்னார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் பிலிப்பு அவரை அணுகிக் கேட்க முடிந்தது. மூடிய நூலை மடியில் வைத்திருப்பவரிடம் பிலிப்பு எதை விளக்குவார்?

செய்ய வேண்டியது

மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் எழுப்பிய கோயில்களைப் பார்க்க உலகமே வருகிறது. அவற்றுள் பல முற்றுப்பெறாதவை என்பதைக் கூர்ந்து பார்ப்போர் அறிவர். ஐந்து இரதங்களுள் சிலவற்றின் கீழ்ப்பகுதி வேலை முடியாமல் நிற்கிறது. நம் சனவரி மாதத் தீர்மானங்கள் அவற்றை நினைவூட்டுகின்றன. ஓராண்டில் முழு விவிலியம் என்று தொடங்கி, தொடக்க நூலைக் கடந்து, லேவியர் நூலில் பாதி வழியில் உளியைக் கீழே போட்டுவிடுகிறோம். குறை ஆர்வத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. கல்லில் வேலை செய்பவர் ஒரே நாளில் சிலை வடிப்பதில்லை. அன்றைய அளவை அன்று செதுக்குகிறார்.

ஆகவே சிறிதாகத் தொடங்குவோம். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நேரமும் இடமும் மாறாதிருக்கட்டும். காலையில் கைப்பேசியைத் தொடும் முன்னர் என்று வைத்துக்கொண்டால் நலம். மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். நாளுக்கோர் அதிகாரம் என்றால் 16 நாளில் முடியும். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89 அதிகாரங்கள், மூன்றே மாதம். உறங்குமுன் ஒரு திருப்பாடல் என்றால் ஐந்து மாதத்தில் 150 திருப்பாடல்கள் நிறைவுபெறும். இங்குமங்கும் தாவாமல், ஒரு நூலை எடுத்தால் முதலிலிருந்து முடிவு வரை வரிசையாகச் செல்ல வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசித்துக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டியதில்லை. விட்ட இடத்தில் தொடர்ந்தால் போதும்.

வாசித்த பின் என்ன செய்வது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி ஏணியின் நான்கு படிகளாக வகுத்துத் தந்த வழி இன்றும் எளியது. வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், இறைமுன் அமைதியாக அமர்தல். பசு மேய்ந்ததை நிழலில் படுத்து அசைபோடுவதைக் கண்டவர்களுக்கு இரண்டாம் படியை விளக்க வேண்டியதில்லை. இறுதியில் ஒரு குறிப்பேட்டில் ஒரே வரி எழுதலாம். இன்று இந்தப் பகுதி நம்மிடம் கேட்டது என்ன என்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருக்கும் வீட்டில் பேரப்பிள்ளை உரக்க வாசிக்கட்டும். கேட்பதும் வாசிப்பே.

அன்பியக் கூட்டங்களில் இந்த வாசிப்பு பகிர்வாக மலர வேண்டும். புரியாத இடங்களைப் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். கேள்விகள் வந்தால் குருக்களாகிய நாமும் படிக்க வேண்டிவரும். மறையுரைக்காக மட்டும் விவிலியத்தைத் திறக்கும் நம் சோம்பலுக்கு அது நல்ல மருந்து. பெரோயா நகரத்து மக்கள், பவுலே வந்து போதித்தபோதும், அவர் சொன்னவை சரிதானா என்று நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்து பார்த்தார்கள். திருத்தூதர் பணிகள் நூல் அதற்காக அவர்களைப் பாராட்டுகிறது. பவுலுக்கு வராத கோபம் பங்குத்தந்தையருக்கு ஏன் வர வேண்டும்?

சில மாதங்கள் கழித்து அந்தத் தாயிடம் மீண்டும் சென்றோம். முன்பு சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். யோபு நூலிலிருந்து நண்பர்களின் பேச்சையும், யோபின் மறுமொழியையும், முடிவில் வரும் கடவுளின் தீர்ப்பையும் வாசித்துக் காட்டினோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அந்த ஆளை வெளியே போகச் சொல்லியிருப்பேன், சாமி." அவர் குறிப்பிட்டது பிரசங்கியாரை. அதில் நமக்கும் பங்குண்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

அந்த நூல் அவர் வீட்டு மேடையிலும் இருந்தது. அலை அதையும் கொண்டு போயிற்று. நம் வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. மாலையைக் கழற்றிவிட்டு, துணியை அவிழ்த்து, இன்றிரவே முதல் அதிகாரத்தைத் திறப்போம்.